அறுபதில் நின்ற முள்

இது நடந்தது. எனக்கே நடந்தது. நம்பப் பிடிக்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொண்டு வேறு வேலையைப் பார்க்கலாம். கெஞ்சிக் கூத்தாடி யாரையும் நம்ப வைக்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. தூக்கக் கலக்கம் என்பார்கள். பெட்ரோல் புகை தலைக்கேறிவிட்டது என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். பதினெட்டு வருஷமாகக் கடைசல் பட்டறையில் இரும்பைக் கடைந்து சாப்பிடுகிறவள் நான். மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் என் விரல் சொல்லிவிடும். இல்லாத சத்தத்தை இருக்கிறதென்று சொல்லும் காது எனக்கு வாய்க்கவில்லை.

அந்தப் புயலில் எங்கள் பகுதியில் ஒரு மின்கம்பம்கூட உருப்படியாக நிற்கவில்லை. கரண்ட் வர ஒரு வாரமாவது ஆகும் என்று கையை விரித்துவிட்டார்கள். மற்றவர்களுக்கு ஃபேன் ஓடாத கவலை. எங்களுக்கு மூச்சே கவலை. என் அக்காவின் நுரையீரல் முக்கால்வாசி கெட்டுப்போய்விட்டது. அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் ஓர் ஆக்சிஜன் மெஷின் இரவும் பகலும் ஓட வேண்டும். ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வராந்தாவில்கூட இடமில்லை. இரண்டு சிலிண்டரைக் கையில் கொடுத்து, "இத வச்சு சமாளிங்க" என்றார்கள். இரண்டாவது சிலிண்டர் மறுநாள் சாயங்காலம் வரைதான் தாங்கும். அதற்குள் மெஷின் ஓடியாக வேண்டும்.

"விடுடி," என்றாள் அக்கா. "எல்லாரும் ஒரு நாள் போறதுதானே."

"நீ போறது வர்றதெல்லாம் நான் சொல்லணும். பேசாமப் படு."

கரண்டை நானே செய்துவிடுவது என்று முடிவு கட்டினேன். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தது. பேட்டரிக் கரண்டை மெஷினுக்கு ஏற்ற கரண்டாக அது மாற்றிக் கொடுத்துவிடும். எதிர்வீட்டு லாரிக்காரர் கேட்டதும் இரண்டு பெரிய பேட்டரிகளைக் கழற்றித் தந்தார். ஆனால் பேட்டரி என்பது குடம் மாதிரி. ஊற்ற ஊற்றத்தான் இருக்கும். ஊற்றுவதற்கு ஓர் ஆல்டர்னேட்டர் வேண்டும். வண்டிகளில் எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, ஓடுகிறபோதே பேட்டரியை நிரப்புமே, அந்த உருண்டை.

அதைச் சுற்ற, தண்ணீர் இறைக்கிற பழைய பெட்ரோல் எஞ்சின் ஒன்று பட்டறையில் சும்மா கிடந்தது. பெல்ட் மாட்டுகிற புல்லியும் கிடைத்துவிட்டது. அது முன்பு ஒரு மில்லுக்காக நான் கடைந்து, அளவு தப்பிப்போன புல்லி. முதலாளி அதைத் தூக்கிப் போடாமல், போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்கட்டும் என்று சுவரில் மாட்டி வைத்திருந்தார். அதைக் கழற்றி அந்த எஞ்சினில் மாட்டினேன். செய்து வைத்த மாதிரி உட்கார்ந்தது. என் மானத்தை வாங்கிய சாமான் அக்கா உயிரைக் காப்பாற்றட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆல்டர்னேட்டருக்குப் பழைய இரும்புக் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணன் எனக்குப் பல வருஷப் பழக்கம். ஒரு மூலையில் சாக்குப் போட்டு மூடியிருந்ததை நானே இழுத்து எடுத்தேன்.

"அது வேணாம்மா," என்றார்.

"ஏன், ஓடாதா?"

"ஓடும். நல்லாவே ஓடும். வேற வரட்டும், தர்றேன்."

"வேற எப்ப வரும்?"

"ரோடு சரியாகணும்."

"ரோடு சரியாகுற வரைக்கும் எங்க அக்கா மூச்சப் பிடிச்சுக்கிட்டு இருப்பாளா?"

அவர் விலைகூடச் சொல்லவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு நான் வாசலுக்கு வந்த பிறகு பின்னாலிருந்து குரல் வந்தது.

"அது ஓடும்போது தனியா விட்டுட்டு மட்டும் போகாத."

பெல்ட்டில் கை, புடவை சிக்கிவிடும் என்பதற்காகச் சொல்கிறார் என்று நினைத்தேன். பட்டறைக்காரிக்கே புத்திமதியா என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை உண்டு. அதற்கும் அக்காவின் அறைக்கும் நடுவில் முன்பு ஒரு மரக்கதவு இருந்தது. கரையான் அரித்துப்போய், அந்த இடத்தை ஒரு தகரத்தால் அடைத்திருந்தோம். தகரத்துக்கு அந்தப் பக்கம் அக்காவின் கட்டில். இந்தப் பக்கம் என் எஞ்சின். இரண்டு இரும்புச் சட்டத்தில் எஞ்சினையும் ஆல்டர்னேட்டரையும் முடுக்கினேன். புகை வெளியே போகக் குழாய் வைத்தேன். இன்வெர்ட்டருக்குப் போகிற வயரில் ஓர் ஆம்பியர் மீட்டரை மாட்டினேன். எவ்வளவு கரண்ட் போகிறது என்று அதன் முள் காட்டிவிடும்.

கடைசியாக ஒரு சின்னச் சிவப்பு பல்பு. இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். ஆல்டர்னேட்டரை வெறுமனே சுற்றினால் கரண்ட் வராது. பேட்டரியிலிருந்து ஒரு துளி கரண்ட் உள்ளே போய் அதை எழுப்ப வேண்டும். அந்தத் துளி இந்த பல்பு வழியாகத்தான் போகும். ஆல்டர்னேட்டர் விழித்துக்கொண்டதும் பல்பு அணைந்துவிடும். ஆக, பல்பு எரிந்தால் வேலை நடக்கவில்லை. அணைந்தால் நடக்கிறது.

மறுநாள் சாயங்காலம் மணி நாலரை. கயிற்றைச் சுண்டி எஞ்சினைக் கிளப்பினேன். பெல்ட் ஒரு தடவை கீச்சென்று கத்தியது. பல்பு அணைந்தது. ஓடிப்போய் மெஷினின் சுவிட்சைப் போட்டேன். புஸ்ஸ்... என்று மூச்சு விட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஏண்டி," என்றாள் அக்கா, "வீட்டுக்குள்ள என்ன, விமானத்த எறக்கிட்டியா?"

"வாயிருக்குல்ல, பொழச்சுக்குவ," என்றேன். அவளால் கத்திக் கூப்பிட முடியாது. அதனால், "மூச்சு முட்டுச்சுன்னா இந்தத் தகரத்துல மூணு தட்டு தட்டு. நான் அந்தப் பக்கம்தான் இருப்பேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கொட்டகையில் ஏதோ வாடை. சூடான ஆல்டர்னேட்டரில் வார்னிஷ் வாடை வருவது சகஜம். இது அதில்லை. ஊசி போடுவதற்கு முன் பஞ்சில் நனைத்துத் தடவுவார்களே, அந்த ஸ்பிரிட் வாடை.

ஏழேகாலுக்கு அது முதல் தடவை கேட்டது.

டக்... டக்... டக்.

அரக்கப்பரக்க அக்காவிடம் ஓடினேன். அவள் சாவகாசமாகக் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"என்னக்கா?"

"என்னடி?"

"தட்டினியே?"

"நான் எங்க தட்டினேன்? நீதானே தட்டின."

எஞ்சின் அதிர்வில் தகரம் ஆடுகிறது என்று முடிவு செய்து இரண்டு போல்ட்டை இறுக்கினேன். பெட்ரோலை மிச்சம் பிடிக்க எஞ்சின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தேன்.

டக். டக். டக்.

வேகத்தைக் கூட்டினேன். சத்தம் நின்றது. மறுபடி குறைத்தேன். மறுபடி தட்டியது. அதிர்வு என்றால் வேகம் கூடும்போதுதானே அதிகமாக வேண்டும்? இது தலைகீழாக இருந்தது.

ஒன்பது மணிக்கு பேட்டரி இரண்டும் நிரம்பிவிட்டன. எஞ்சினை நிறுத்தினேன். மீட்டர் முள் முப்பதில் நின்றது. முப்பது ஆம்பியர் என்றால் விடியும்வரை கவலையில்லை. முகம் கழுவி, நாலு வாய் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தேன்.

முள் அறுபதில் நின்றது.

மீட்டரைத் தட்டிப் பார்த்தேன். வயரைத் தடவித் தடவிப் பார்த்தேன். எங்கும் உரசல் இல்லை, சூடு இல்லை. வீட்டில் அந்த ஒரு மெஷினைத் தவிர வேறெதுவும் ஓடவில்லை. ஆனால் இரண்டு மெஷின் இழுக்கிற கரண்ட் போய்க்கொண்டிருந்தது. தகரத்தில் காதை வைத்தேன். அக்காவின் மெஷின் மூச்சு விட்டது.

புஸ்ஸ்...

கொஞ்சம் இடைவெளி. அடுத்த மூச்சுக்கு முன்னால்...

புஸ்ஸ்...

அக்காவின் அறைக்குப் போய் எட்டிப் பார்த்தேன். ஒரு கட்டில். ஒரு மெஷின். ஒரு குழாய். அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு மூச்சுக்கு இரண்டு சத்தம்.

எனக்குப் பயமாக இருந்தது. இல்லையென்று பீற்றிக்கொள்ள மாட்டேன். ஆனால் பயத்தைவிடப் பெரிய கணக்கொன்று தலைக்குள் ஓடியது. அறுபதில் போனால் பேட்டரி பாதி ராத்திரியைத் தாண்டாது. இரண்டாவது சிலிண்டரும் தீர்ந்துபோயிருந்தது. எஞ்சினை மறுபடி கிளப்பினேன். நாளைக்கென்று வைத்திருந்த பெட்ரோலையும் ஊற்றினேன். போட்டதையெல்லாம் இரண்டு மூச்சுமாகச் சேர்ந்து குடித்தன. நான் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

விடியற்காலை நாலு பத்துக்கு எஞ்சின் இருமியது. குலுங்கியது. நின்றுவிட்டது.

கேனைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தேன். காலி.

பல்பு எரியத் தொடங்கியது. கொட்டகை முழுக்கச் சிவப்பு.

முள் அறுபதில்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் இன்வெர்ட்டர் கீ... கீ... என்று கத்தியது. பேட்டரி தீர்கிறது என்று அர்த்தம்.

டக். டக். டக்.

இந்தத் தடவை வேகமாக. விடாமல். உள்ளங்கையால் அறைவது போல. தகரம் என் கண்ணெதிரே உள்வாங்கி வெளியே வந்தது.

பெல்ட்டைக் கழற்றி எறிந்தேன். எஞ்சின் கயிற்றை ஆல்டர்னேட்டர் புல்லியில் சுற்றி, கையாலேயே இழுத்தேன். முட்டாள்தனம் என்று எனக்கே தெரியும். ஓர் இழுப்புக்கு பல்பு ஒரு கணம் மங்கும். மறுபடி எரியும். இழுத்தேன். சுற்றினேன். இழுத்தேன். உள்ளங்கைத் தோல் உரிந்தது.

டக்டக்டக்டக்...

கொட்டகைக் கதவு திறந்துதான் இருந்தது. இரண்டே எட்டு. ஓடிவிடலாம். கால் கதவுப் பக்கம் திரும்பியதும் உண்மை.

தனியா விட்டுட்டு மட்டும் போகாத.

அப்போதுதான் எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. எதற்காக நான் ஓட வேண்டும்? என் வீடு. என் அக்கா. நான் கடைந்த புல்லி. ஸ்பானரை எடுத்து அந்தத் தகரத்தில் ஓங்கி மூன்று அடி அடித்தேன்.

"இங்கதான் இருக்கேன்! எங்கயும் ஓடிடல! சும்மா சும்மா தட்டாத!"

சத்தம் நின்றது.

"மூச்சு வேணும்னா வாங்கிக்க. ஆளுக்குப் பாதி. ஆனா சும்மா கெடைக்காது, வேலை செய்யணும். எங்க அக்கா பங்குல கை வச்ச... நாளைக்கே இத உலையில போட்டு உருக்கிடுவேன். எனக்கு உலை தெரியும்!"

அமைதி.

கீ... கீ... கீ...

பிறகு, என் கையிலிருந்த கயிறு விறுக்கென்று உருவிக்கொண்டு போனது.

புல்லி சுற்றியது.

பெல்ட் இல்லை. எஞ்சின் ஓடவில்லை. புல்லி மட்டும் சுற்றியது... மெதுவாக... வேகமாக... கண்ணுக்குத் தெரியாத வேகத்தில்.

பல்பு அணைந்தது.

இன்வெர்ட்டர் வாயை மூடிக்கொண்டது. இருட்டில் அந்த உருண்டை ஙொய்ங் என்று ஓடிக்கொண்டே இருந்தது. ஸ்பிரிட் வாடை நெஞ்சை அடைத்தது. நான் ஸ்பானரைக் கீழே வைக்கவில்லை. அவ்வப்போது தகரத்தில் மூன்று தட்டு வரும். பதிலுக்கு நானும் மூன்று தட்டு தட்டுவேன். நடுவில் வாய் ஓயாமல் திட்டிக்கொண்டும் இருந்தேன். என்னை நானே பிடித்து வைத்துக்கொள்ள வேறு வழி தெரியவில்லை.

வெளுத்த பிறகுதான் புல்லி மெல்ல மெல்ல நின்றது. லாரிக்காரர் வீட்டுக் கதவைத் தட்டி, அவர் பைக்குக்கு வைத்திருந்த பெட்ரோல் டப்பாவைப் பிடுங்காத குறையாக வாங்கி வந்து, பெல்ட்டை மறுபடி மாட்டி எஞ்சினை ஓட்டினேன். பிறகு அக்காவிடம் போனேன். அவள் முகம் தெளிவாக இருந்தது.

"நல்லாத் தூங்கினேன்டி," என்றாள். "ராத்திரி பக்கத்துல வந்து படுத்தியே, அப்புறந்தான் தூக்கமே வந்துச்சு. ஏன் உன் கை அப்படி ஜில்லுன்னு இருந்துச்சு?"

லாரிக்காரரின் மனைவியை எஞ்சினுக்குக் காவலாக உட்கார வைத்துவிட்டு, நேராகப் பழைய இரும்புக் கடைக்குப் போனேன்.

"எந்த வண்டியோடது அது?"

என் உள்ளங்கையைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

"ஆம்புலன்ஸ்மா," என்றார். "போன வருஷ வெள்ளத்துல நடு ரோட்டுல மாட்டிக்கிச்சு. பின்னாடி ஒரு ஆளு. உங்க அக்காவுக்கு இருக்கற மாதிரிதான், மெஷின்ல மூச்சு. வண்டி எஞ்சின் ஓடினாத்தான் மெஷின் ஓடும். தண்ணி ஏறுது. ரொம்ப நேரமா ஆள் அசையல. சரி, போயிடுச்சுன்னு நெனச்சு டிரைவர் எஞ்சின நிறுத்திட்டான்."

"அப்புறம்?"

"கொஞ்ச நேரத்துல பின்னாலேர்ந்து தட்டற சத்தம். நடுவுல தகரத் தடுப்பு இருக்கும்ல, அதுல. செத்தவங்க தட்டறாங்கன்னு பயந்துபோய் எறங்கி ஓடிட்டான்."

அவரே தொடர்ந்தார்.

"பேய் இல்லம்மா. உசுரோடதான் இருந்திருக்கு. தண்ணி வடிஞ்சு கதவத் தெறந்தப்ப, அந்தத் தகரம் பூரா முன்பக்கமாப் பிதுங்கியிருந்துச்சு. நானே பாத்தேன்."

எனக்கு அடக்க முடியாத ஆத்திரம் வந்தது. பேய் என்று பயந்து ஒரு மனுஷரைச் சாக விட்டிருக்கிறான். திரும்பி நின்று ஒரே ஒரு கதவைத் திறந்து பார்த்திருந்தால் போதும். பேய்க்குப் பயப்படச் சொல்லி யாராவது என்னிடம் வந்தால் இப்போதும் இதைத்தான் கேட்பேன்: முதலில் கதவைத் திறந்து பார்த்தாயா?

"திருப்பிக் குடுத்துடும்மா," என்றார்.

"தர மாட்டேன்."

கரண்ட் வரும்வரை அதை வைத்துத்தான் ஓட்டினேன். பெட்ரோலும் எப்படியோ கிடைத்தது. ஒவ்வொரு ராத்திரியும் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். அது தட்டினால் நானும் தட்டினேன். ஒரு நாள் விளக்குகள் எல்லாம் எரிந்தன. ஆல்டர்னேட்டரைக் கழற்றி, துடைத்து, பரணில் வைத்தேன். அன்றே மெஷின் சர்வீஸ்காரர் வந்து ஃபில்டர் மாற்றிவிட்டுப் போனார். அதன்பிறகு தட்டுகிற சத்தம் இல்லை. ஸ்பிரிட் வாடையும் இல்லை. போய்ச் சேர்ந்துவிட்டது, பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் சர்வீஸ்காரர் மறுபடி வந்தார். வண்டியில் கிலோமீட்டர் காட்டுவது போல, அந்த மெஷினின் பின்னால் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டுகிற மீட்டர் ஒன்று உண்டு. குனிந்து அதைப் பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"என்னம்மா, மெஷின வாடகைக்கு விடறீங்களா?"

"ஏன்?"

"ஒரு நாளைக்கு இருபத்தி நாலு மணி நேரந்தானே? இது நாளைக்கு நாப்பத்தெட்டு மணி நேரம் ஓடியிருக்கு. போன தடவ நான் வந்துட்டுப் போனதுலேர்ந்து, தெனமும்."

ஒரு மாதமாக எஞ்சின் இல்லை, ஆல்டர்னேட்டர் இல்லை, பேட்டரி இல்லை. எல்லாவற்றையும் அன்றே கழற்றியாகிவிட்டது.

"இப்படியே ஓடினா சீக்கிரம் படுத்துடும்மா. உங்க அக்காவுக்குத்தான் ஆபத்து. இத எடுத்துட்டு வேற தரட்டுமா?"

நான் யோசித்தேன். ரொம்ப நேரமெல்லாம் இல்லை.

"இது இருக்கட்டும். இன்னொண்ணு கொண்டு வாங்க."

"இன்னொண்ணா? யாருக்கு?"

நான் வாயைத் திறப்பதற்குள் கட்டிலிலிருந்து அக்கா சொன்னாள்.

"பக்கத்துல படுத்திருக்கறவங்களுக்கு."

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இதைப் பற்றி அதுவரை ஒரு வார்த்தைகூட அவளிடம் நான் சொன்னதில்லை.

இப்போது கட்டிலின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு மெஷின். ஒன்றின் குழாய் அக்காவின் மூக்கில். மற்றதன் குழாய் பக்கத்துத் தலையணையில். அது வந்த நாளிலிருந்து அக்கா மெஷினின் கணக்கு ஒழுங்காகிவிட்டது. நாளுக்கு இருபத்து நாலு மணி நேரம், ஒரு நிமிஷம் கூடுவதில்லை.

புது மெஷினின் மீட்டரும் நாளுக்கு இருபத்து நாலு ஏறுகிறது. நேற்றும் பார்த்தேன். அதன் வயர் கட்டிலுக்கு அடியில் சுருட்டியபடியே கிடக்கிறது. அந்த பிளக்கை நான் இன்றுவரை சொருகவே இல்லை.